ஒன்றரை நிமிடக் காணொளிக்கு ஒரு தீயணைப்புக்காரனின் பதில்

கடந்த நான்கு நாட்களாக உங்கள் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரை நிமிடக் காணொளியில், கையில் டோர்ச் லைட்டுடன் மதகின் ஓரத்தில் நிற்பவன் நான்தான். தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், எரிந்த இரவில் எங்கள் தீயணைப்பு வண்டி பாதி வழியில் நின்றதைக் காட்டும் காணொளி அது. முகம் தெளிவாகத் தெரியாததால் பலர் அதை எனக்கே அனுப்பி, "பாத்தீங்களா அண்ணே, லயம் எரியுது, இவனுங்க வேடிக்க பாக்குறானுங்க" என்று எழுதியிருந்தார்கள். முதல் மூன்று பேருக்குப் பொறுமையாகப் பதில் எழுதினேன். என் சொந்தச் சின்னம்மாவின் மகனே அதைப் பகிர்ந்து, கீழே சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டிருந்ததைக் கண்ட பிறகு, எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

வண்டி ஏன் நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பாதையில் நான்காவது கிலோமீற்றரில், பெரிய முடக்கைத் தாண்டியவுடன், ஓடைக்கு மேலே ஒரு மதகு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கருங்கல்லால் கட்டி, பிற்காலத்தில் மேலே கொங்கிரீட் போட்ட மதகு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை கொட்டியபோது பள்ளத்துப் பக்கக் கற்கள் சரிந்துவிட்டன. அன்றிலிருந்து கொங்கிரீட் விளிம்பு ஒரு முழ அகலத்துக்கு அந்தரத்தில் நிற்கிறது. கொழுந்து ஏற்றும் ட்ரக்டர் மலைப்பக்கமாக ஒட்டிக்கொண்டு போய்விடும். எங்கள் வண்டியின் தாங்கியில் 4000 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் மட்டுமே 4 தொன். வண்டியும் பம்பும் ஏணியும் ஆட்களும் சேர்ந்தால் பத்துத் தொன்னுக்கு மேலே போகும். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடங்களே இருக்கிற எங்கள் சாரதி, இறங்கிப் போய் முழந்தாளிட்டு, விளிம்புக்குக் கீழே கையை விட்டு, எந்த இடம் வரைக்கும் கல் இருக்கிறது என்று தடவிப் பார்த்தார். அவருக்கு நான் வெளிச்சம் பிடித்தேன். பிறகு அவர் பக்கக் கண்ணாடியை மடித்துவிட்டு, மலைப்பக்க மண்ணை உரசிக்கொண்டே வண்டியை அந்தப் பக்கம் சேர்த்தார். இதற்கெல்லாம் நான்கு நிமிடங்கள் போயின. படம் எடுத்தவர் முதல் ஒன்றரை நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார். வண்டி மதகைக் கடந்தது அவருக்குத் தேவைப்படவில்லை.

அந்த நான்கு நிமிடங்கள்தான் லயத்தை எரித்தன என்று எழுதுகிறவர்கள் மற்ற நிமிடங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லயத்தின் முதல் காம்பராவில், அதாவது ஒற்றை அறை வீட்டில், தீயைக் கண்டது 9.20 மணியளவில் என்று அங்கிருந்தவர்களே சொன்னார்கள். எங்களுக்குத் தகவல் வந்தது 9.52 மணிக்கு. 9.54க்கு வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. இடையில் போன அரைமணி நேரத்தில் என்ன நடந்தது என்று பிறகு விசாரித்தேன். முதலில் கணக்குப்பிள்ளைக்கு அழைத்திருக்கிறார்கள். அவர் தோட்டத்து முகாமையாளரான துரைக்கு அழைத்திருக்கிறார்; துரையின் தொலைபேசி கிடைக்கவில்லை. அதன் பிறகு தொழிற்சங்கத் தலைவர், அவரிடமிருந்து பிரதேச சபை உறுப்பினர் என்று செய்தி மலையேறி இறங்கி, கடைசியில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை 119ஐ அழைக்க, பொலிஸார் எங்களுக்குச் சொன்னார்கள். தீயணைப்புக்கு 110 என்று ஓர் இலக்கம் இருப்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நான் அந்த மக்களைக் குறை சொல்லவில்லை. தீப்பிடித்தாலும், பிள்ளைப்பேற்று வலி வந்தாலும், ஆள் செத்தாலும் முதலில் துரைக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட மக்கள் அவர்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, நம் மக்கள் தோட்டங்களுக்கு வந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தோமே, அந்த இருநூறு வருடத்தின் பழக்கம் இது. ஆனால் ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் 110, 119, அம்புலன்ஸுக்கு 1990 என்ற மூன்று எண்களை எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும். அதை இன்றுவரை ஒரு கட்சியும் ஒரு சங்கமும் செய்யவில்லை. சுவரொட்டி ஒட்ட மட்டும் சுவர் இருக்கிறது.

தார்ப்பாதை 11 கிலோமீற்றரை 19 நிமிடங்களில் கடந்தோம். தோட்டத்துப் பாதை 7 கிலோமீற்றருக்கு 31 நிமிடங்கள் பிடித்தன. அதில் பூட்டிக் கிடந்த கேற்றைத் திறக்கச் சாவி தேடிய ஐந்து நிமிடமும் அடக்கம். அந்தச் சாவியைப் பற்றி ஒருவரும் காணொளி போடவில்லை.

லயம் எப்படி எரியும் என்பது லயத்தில் பிறந்தவர்களுக்கே மறந்துபோனது எனக்கு வியப்பாக இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அடுப்புக்கு மேலே பரண். பரணில் காயப்போட்ட விறகு. பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த மின்வயர். நான் உள்ளே நின்று பார்த்த பல லயங்களில் இடைச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. தகரத்துக்குக் கீழே பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வெற்றிடம்தான். விறகு பற்றினாலும் மின்னொழுக்கு ஏற்பட்டாலும், தீ கதவு வழியாக அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. தலைக்கு மேலே ஓடிப் போய்விடுகிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு காம்பராக்கள் எரிந்துகொண்டிருந்தன. ஏழாவதைக் கைவிட்டு, எட்டாவதன் தகரங்களைக் கழற்றி இடைவெளி உண்டாக்கினோம். "உண்டாக்கினோம்" என்று எழுதுவது முழு உண்மை இல்லை. நாங்கள் வருவதற்கு முன்பே தோட்டத்து இளைஞர்கள் மேலே ஏறிப் பாதித் தகரங்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஒருவன் கையில் சாரத்தைச் சுற்றிக்கொண்டு சுடுகிற தகரத்தை இழுத்ததை நான் பார்த்தேன். கடைசி நான்கு காம்பராக்கள் மிஞ்சியதற்குப் பாதிக்கு மேல் காரணம் அவர்கள். அந்த இளைஞர்களில் ஒருவரும் எங்களைத் திட்டவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். திட்டியவர்கள் எல்லோரும் கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள்.

"பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது, தண்ணீர் முடிந்துவிட்டது என்று கையை விரித்தார்கள்" என்று ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார். விஞ்ஞானம் கற்பிக்கிறவர் என்பதால் அவருக்குச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 400 லீற்றர் போனால் 4000 லீற்றர் பத்து நிமிடத்துக்குத்தான் வரும். ஆறு பாதையிலிருந்து அறுபது அடி பள்ளத்தில் ஓடுகிறது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. அது காற்றை வெளியேற்ற, வெளியே உள்ள காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால் எவ்வளவு பெரிய பம்பாக இருந்தாலும் ஏழெட்டு மீற்றருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மலை உயர உயர அந்த அளவும் குறையும். மிஞ்சியிருந்தது மலையிலிருந்து ஒழுகும் ஊற்றுத் தண்ணீர்ப் பீலி. அதில் குடம் நிறையவே இரண்டு நிமிடம் ஆகும். தொழிற்சாலைத் தாங்கிக்குப் போய் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தோம். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று அந்த ஆசிரியர் சொன்னால் கற்றுக்கொள்கிறேன்.

பம்பு முதல் தடவை இயங்கவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மை. மூன்றாவது தடவையில் இயங்கியது. அதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதினால் அரச ஊழியர் விதிகளான தாபனக் கோவையைக் காட்டி எனக்கு ஒரு கடிதம் வரும். ஆகவே தாண்டிப் போகிறேன். அமைச்சர் வருவதற்கு முன்பு வீதி கழுவ மட்டும் வண்டி நேரத்துக்கு வந்துவிடுகிறது என்று இன்னொருவர் எழுதியதும் உண்மைதான். அவர்கள் வருகிற பாதையில் உடைந்த மதகு இருப்பதில்லை.

சம்பளத்துக்குத்தானே வேலை செய்கிறீர்கள், ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் பள்ளத்தில் இருந்த எங்கள் பணிய லயம் எரிந்தது. வண்டி என்று ஒன்று வரவே இல்லை. வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பீலியிலிருந்து லயத்து இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வரிசையாக நின்று வாளி மாற்றினோம். எல்லோரும் வெளியே வந்த பிறகு என் அம்மா திரும்ப உள்ளே ஓடினார். நகை எடுக்கப் போகிறார் என்று நினைத்தோம். நகை எங்கே இருந்தது எங்களுக்கு! அவர் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரமும் இருந்தன. வீடு போனால் துரை இன்னொரு காம்பரா தருவார், அந்தப் பத்திரம் போனால் நாம் யார் என்று யாரிடம் போய்க் கேட்பது என்றார். அவருடைய இடது முன்கையில் அந்தப் பெட்டியின் விளிம்பு சுட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. நான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தது எதனால் என்று நேர்முகத் தேர்வில் கேட்டபோது இதைச் சொல்லத் தெரியாமல், அரசாங்க வேலை என்பதால் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். தலைக்கவசம் போட்டுவிட்டால் நான் யார் என்று தெரியாது. குழாயை இழுத்துக்கொண்டு ஓடும்போது ஒரு அம்மாயி என் முதுகில் அடித்து, நம்ம சனம் எரிஞ்சா இவனுங்களுக்கு என்ன என்று கத்தினார். "அம்மாயி, தள்ளி நில்லுங்க, தகரம் விழும்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நம்ம பொடியனா நீ? நீயுமாடா இவ்வளவு நேரங்கழிச்சு வந்த?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். காணொளியை விட, அதன் கீழே வந்த எழுநூறு வசவுகளை விட, இந்த ஒரு கேள்விதான் நான்கு நாளாகத் தூங்கவிடாமல் செய்கிறது. அவரிடம் மதகைப் பற்றி நான் எப்படி விளக்குவது?

ஆனால் உங்களிடம் விளக்கலாம், நீங்கள் படித்தவர்கள். தீயணைப்பு வேலையைப் பெரும்பாலும் மாநகர சபையும் நகர சபையுமே தத்தம் எல்லைக்குள் வைத்து நடத்துகின்றன. அந்தத் தோட்டம் எங்கள் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது; போகாமல் இருந்திருந்தால்கூட எங்களை யாரும் கேட்டிருக்க முடியாது. தோட்டம் இருப்பது பிரதேச சபைக்குள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவு செய்ய வழியில்லாமல் இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த முப்பத்தொரு வருடங்களுக்குள் எத்தனையோ தடவை வாக்குப் போட்டுச் சபைக்கு ஆள் அனுப்பினோம்; அந்த ஆளுக்கு நம் லயத்துப் பாதையில் ஒரு கூடை கல் போட அதிகாரம் இருக்கவில்லை. இப்போது அதிகாரம் இருக்கிறது. கல்லைத்தான் காணவில்லை. தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால் பாதை சபைக்குரியது என்பார்கள், சபையிடம் கேட்டால் தோட்டத்துக்குரியது என்பார்கள். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் மதகு தொங்கிக்கொண்டிருக்கிறது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸில் வேலை செய்கிற பிள்ளைகளும் இதே மதகில் நின்றிருக்கிறார்கள். காசு வாங்காமல் ஓடிவருகிற வண்டி மதகுக்கு இந்தப் பக்கம் நிற்க, வலி வந்த பெண்ணைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளையும் ஒரு நாள் படம் எடுத்துப் போடுவீர்கள்.

வரும் ஞாயிறு எனக்கு விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு நாடாவோடு அந்த மதகுக்குப் போய் அளவெடுத்து, அன்றே கடிதம் எழுதி, சபைக்கு ஒரு பிரதியும் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதியும் கொடுக்கப் போகிறேன். ஊர்க்காரர்கள் கையொப்பமிட்டால் நல்லது, என் பெயரில் மட்டும் போனால் அது குப்பைக்குத்தான் போகும். காணொளி எடுத்த தம்பியும் வரட்டும். இந்த முறை ஓடைக்குள் இறங்கி, கீழேயிருந்து மேலே பார்த்து எடுக்கச் சொல்வேன். வெளிச்சம் நானே பிடிக்கிறேன்.