2019 பாகு இறுதிப்போட்டி: மிகிதார்யானுக்கு விசா மறுக்கப்படவில்லை

2019 யூரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப் கால்பந்து) இறுதிப்போட்டியில் ஆர்சனல் கிளப்பின் ஆர்மேனிய வீரர் ஹென்ரிக் மிகிதார்யான் ஆடாததற்கு அஜர்பைஜான் விசா மறுத்ததே காரணம் என்று இந்த விவாதத்தில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். நடந்தது அதுவல்ல.

போட்டி நடந்த அஜர்பைஜான் தலைநகர் பாகுவுக்குப் போவதில்லை என்பது அவரும் அவர் குடும்பமும் ஆர்சனலும் சேர்ந்து எடுத்த முடிவு. காரணம், ஆர்மேனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் இடையே இருந்த பகையால் வந்த பாதுகாப்புக் கவலை. அவருக்கான பாதுகாப்புத் திட்டத்தை கிளப்பிடம் கொடுத்திருந்ததாகவும், போகவேண்டாம் என்ற தனிப்பட்ட முடிவை மதிப்பதாகவும் ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஇஎஃப்ஏ சொன்னது. அந்தக் கவலை நியாயமா, அங்கே போட்டியை வைத்தது சரியா என்பதெல்லாம் தனி வாதம். ஆர்சனலே அந்த நிலைமை குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்தது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. அந்தக் காலத்தில் ஆர்மேனியர்களைப் பொதுவாக அஜர்பைஜான் உள்ளே விட்டதில்லை. ஆனால் விளையாட்டுப் போட்டிகளுக்கு விலக்கு இருந்தது: 2015 ஐரோப்பிய விளையாட்டுகளுக்கு ஆர்மேனிய அணி பாகுவுக்கே போய்க் கலந்துகொண்டது.

சரிபார்க்க, ஆர்சனல் தளத்தில் 2019 மே 21 தேதியிட்ட அறிவிப்பைத் தேடுங்கள். அதே நாளில் மிகிதார்யான் தன் ட்விட்டர் கணக்கில் போட்ட பதிவையும் பாருங்கள். "நாங்கள் எடுத்த கடினமான முடிவு" என்ற தொனியில்தான் எழுதியிருக்கிறார். இரண்டிலும் விசா மறுப்பு என்ற பேச்சே இல்லை. மே 29 ஆட்டத்துக்குப் பிறகு வந்த சுருக்கச் செய்திகளை மட்டும் நம்ப வேண்டாம், அவற்றில் "முடிவு" என்பது "தடை"யாக மாறிவிடலாம்.