டயருக்குள் இருந்தது குப்பை இல்லை அண்ணே!

"உள்ள ஏதோ பஞ்சு ஒட்டியிருந்துச்சு சார், குப்பை, பிச்சுப் போட்டுட்டேன்." என் எலக்ட்ரிக் கார் டயரைக் கழற்றிய பஞ்சர் கடை அண்ணன் இதைச் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை. பக்கத்தில் தரையில் கருப்பு ஃபோம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

அது குப்பை இல்லை அய்யா! டயர் கம்பெனியே ஒட்டி அனுப்புகிற பாலியூரித்தேன் ஃபோம். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சத்தத்தில் டயர் சத்தம் அமுங்கிப் போகும். எலக்ட்ரிக் காரில் அமுக்க இன்ஜினே இல்லை, சிமென்ட் ரோட்டில் ஏறினால் டயருக்குள் இருக்கிற காற்று 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஊம்ம்ம் என்று அதிர்வது நேராகக் காதுக்கு வரும். அதைக் குறைக்கத்தான் அந்த ஃபோம். ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு உள்பக்கம் பேட்ச் போட்டிருந்தால் வேலை முடிந்தது. அண்ணன் பாதியைப் பிய்த்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிட்டார். டயரின் எடை ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்து, இப்போது 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது.

அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். செங்கல்பட்டு தாண்டி ஆணி ஏறியது. ஸ்டெப்னி கிடையாது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் சென்சாரும், ஓட்டை அடைக்கும் கிட்டும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இலேயே விதியை மாற்றிவிட்டார்கள், பாட்டரிக்கு இடம் வேண்டும் என்று கம்பெனிகளும் சந்தோஷமாக எடுத்துவிட்டன. கிட்டில் இருந்த திரவம் சின்ன ஓட்டைக்குத்தான் ஆகும், என் டயரில் ஏறியதோ கட்டில் ஆணி அளவுக்கு இருந்தது. சரி என்று ரோட்டோரக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனால், அண்ணன் ஜாக்கியை நேராக வண்டியின் நடு வயிற்றில் கொண்டுபோய் வைக்கிறார். அங்கே இருப்பது பாட்டரி! வண்டியின் விலையில் பெரும் பங்கு அதுதான்! "அண்ணே, ஓரத்துல ஜாக்கி பாயின்ட் இருக்கு, அங்க வைங்க" என்று நான் கத்துகிறேன், "எல்லா வண்டிக்கும் இங்கதான் சார் வைப்போம்" என்கிறார். மற்ற வண்டிக்கு எப்படியோ, இதற்கு வைக்கக் கூடாது, அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

அடுத்து வீலில் இருக்கிற மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, "இத மாட்டாதீங்க சார், பிரேக் சூடாயிடும்" என்று அறிவுரை. எலக்ட்ரிக் காரில் காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துவிடும், பிரேக் பேடுக்குப் பாதி நேரம் வேலையே இருக்காது. அதனால்தான் வீலைத் துணிந்து மூடி வைக்கிறார்கள். வீல் சுழன்று காற்றைக் கலக்கினால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையும், மூடினால் அது கொஞ்சம் மிச்சம். கடைசியில் கேட்காமலேயே 30 காற்று. கதவுத் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், அதில் 36 என்று போட்டிருக்கிறது, ஒருத்தராவது குனிந்து பார்த்ததுண்டா?

இவரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது, யாரும் இவருக்குச் சொல்லித் தரவில்லை. பெரிய ஏசி டயர் ஷோரூமுக்குப் போனேன், அங்கே இதைவிட மோசம். பழைய டயரில் லோடு எண் 103, அதாவது ஒரு டயர் 875 கிலோ தாங்கும். ஷோரூம்காரர் எடுத்து வைத்தது 99, அதாவது 775 கிலோ. டயருக்கு 100 கிலோ குறைகிறதே என்றால் "சைஸ் ஒண்ணுதான சார், ரப்பர் ரப்பர்தான" என்கிறார். பாட்டரி மட்டும் சில நூறு கிலோ எடை, அதற்குக் கணக்குப் போட்டுத்தான் கம்பெனி அந்த எண்ணை வைத்திருக்கிறது. மிதித்த உடனே மோட்டார் முழு இழுப்பையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவதால் டயர் பட்டனும், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடுகளும், சீக்கிரம் தேயும். ஆக, அதிக எடையைத் தாங்க வேண்டும், தேயாமலும் இருக்க வேண்டும், உருளும்போது இழுவை குறைவாகவும் இருக்க வேண்டும், மழையில் வழுக்கவும் கூடாது. இவை ஒன்றுக்கொன்று முரண், எல்லாவற்றையும் சமாளிக்கத் தனியாக ரப்பர் கலவை செய்கிறார்கள். இந்தியாவிலேயே அப்பல்லோ 2022-இல் ஆம்பீரியன் என்று எலக்ட்ரிக் கார்களுக்கென்றே டயர் கொண்டுவந்தது. ரப்பர் ரப்பர்தானாம்!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை என்று சென்னையைச் சுற்றி டயர் ஃபேக்டரிகளாகத்தான் இருக்கின்றன. ஆனால் என் காருக்கு ஃபோம் ஒட்டிய டயர் கேட்டால் "ஆர்டர் போடணும் சார், எப்ப வரும்னு சொல்ல முடியாது". இன்சூரன்ஸில் கேட்டேன். டயர் மட்டும் போனால் சாதாரண பாலிசியில் ஒரு பைசா கிடையாது, வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால் பாதி விலை தருவார்களாம். அதற்காக வண்டியைக் கொண்டுபோய் எதிலாவது மோதவா முடியும்?

இந்த லட்சணத்தில் எங்கள் தெருவில் நேற்று ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். ரோடுகளுக்கு அளவு வகுக்கும் ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதிப்படி உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். இது குட்டிச்சுவர் மாதிரி நிற்கிறது. எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் அடியில் உரசுகிறது, அங்கேதான் பாட்டரி இருக்கிறது. வெள்ளை பெயின்ட் கூட அடிக்கவில்லை. ஒரு டப்பா பெயின்ட் என்னய்யா விலை?