சேறு சும்மா கிடக்கலை

போன ஞாயிற்றுக்கிழமை புலிகாட் ஏரிச் சேத்துல மரக்கன்று நட்ட விழா போட்டோ எல்லாரும் பார்த்திருப்பீங்க. "தரிசு ஏரி பசுமையாகிறது"ன்னு போட்டிருந்தாங்க. கீழே நான் "தயவுசெஞ்சு பிடுங்கிடுங்க"ன்னு ஒரே வரிதான் எழுதினேன். அன்னிக்கு ராத்திரியிலிருந்து நான் இயற்கைக்கு விரோதியாம்.

ஆந்திராவுல சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கிடக்கிற உப்புத்தண்ணி ஏரிதான் புலிகாட். 1976-லேயே பறவைகள் சரணாலயம்னு அறிவிச்ச இடம். ஆவணி வெயிலில் வெடிச்சுக் கிடக்கும், ஐப்பசி மழையில் நிரம்பும். வத்தி வத்தி நிரம்புறதுதான் அதோட உயிரே. பூநாரை, அதான் ஃப்ளமிங்கோ, கழுத்தை வளைச்சு, அலகைத் தலைகீழா விட்டு, சேத்துத் தண்ணியை இழுத்து, அலகுக்குள்ள இருக்கிற சல்லடையில் பாசியையும் பொடி இறாலையும் வடிகட்டித் தின்னும். அதுக்கு எதுக்குங்க மரம்? பூநாரை மரத்தில் உட்காரவே உட்காராது. வடக்கே ரொம்ப தூரத்திலிருந்து வர்ற உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி சின்னக் கரைப்பறவைங்க சுத்திலும் வெட்டவெளி இருந்தாத்தான் நிம்மதியா மேயும். மரம் நின்னா அதில் வல்லூறு உட்காரும். அப்புறம் இதுங்க அந்தப் பக்கம் இறங்காது.

"செட்லு நாட்டிதே தப்பா?"ன்னு எங்க தெரு அண்ணய்யா கேட்டாரு. மரம் நடுறது தப்பில்லை அண்ணய்யா. சேத்துல நடுறதுதான் தப்பு. பக்கத்துல இருக்கிற நேலபட்டு பறவைகள் சரணாலயத்தில் நீர்க்கடம்பு மரத்தில்தான் கூழைக்கடா கூடு கட்டுது, அந்த மரத்தை யாராவது வெட்டினா முதல் ஆளா நான் போய் நிப்பேன். ஆனா அதே கூழைக்கடா குஞ்சுக்கு மீன் தேடி வர்றது இந்த ஏரிக்குத்தான். கூட்டுக்கு அது, இரைக்கு இது. சீமைக்கருவேலத்தையும் நல்லதுன்னு சொல்லித்தான் கொண்டு வந்தாங்க, இன்னிக்கு வெட்டி மாளலை.

"உப்புல எப்படியும் பட்டுப்போகும், விடுங்க"ன்னு ஒருத்தர். வேம்பும் புங்கமும் பட்டுப்போகும், சரி. லாரி லாரியா செம்மண் கொட்டி மேடு கட்டினீங்களே, அது எங்க போகும்? சரணாலயத்துக்குள்ள வாழிடத்தை மாத்தணும்னா தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேணும்னு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. அதைக் கேட்டதுக்குத்தான் "படிச்ச திமிர்"னு சொன்னாங்க.

எனக்கு வலிச்சது அது இல்லை. "சேத்துல என்ன இருக்கு, கொசுதானே"ன்னு ஒரு பொண்ணு எழுதியிருந்தது.

எங்கம்மா அந்தச் சேத்துலதான் இறால் தடவினாங்க. பனையோலையில் முடைஞ்ச பறிக்கூடையைப் பல்லால கடிச்சுக்கிட்டு, கழுத்தளவுக்குத் தண்ணியில குனிஞ்சு, ரெண்டு கையாலயும் அடியைத் தடவிக்கிட்டே போவாங்க. விரல்ல தட்டினதும் பிடிச்சுப் பறிக்குள்ள போடணும். வாய் ஓரம் ரெண்டும் புண்ணா இருக்கும், ராத்திரி ரசம் சோறு கூடத் தொட முடியாது. நான் படிச்சது அந்தக் காசுல. இறாலும் நண்டும் மடவை மீனும் பிழைக்கிறது அந்தச் சேத்துல, பறவை வர்றது அதுக்காக, நாங்க இருக்கிறதும் அதுக்காக. சேத்தை ஒண்ணுமில்லைன்னு சொன்னா எங்களையும் சேர்த்துத்தான் சொல்றீங்க. ஜனவரியில் ஃப்ளமிங்கோ திருவிழாவுக்கு வந்து செல்ஃபி எடுக்கிறப்போ மட்டும் இந்த ஏரி அழகா இருக்கு, இல்லையா?

வந்தவங்க நல்ல மனசோடதான் வந்தாங்கன்னு சொல்றீங்க. இருக்கலாம். நடுறதுக்கு முன்னாடி இங்க வலை இழுக்கிற ஒருத்தரையாவது கேட்டிருக்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி அந்தச் செம்மண்ணை அள்ளியாகணும். மழை விழுந்துட்டா மொத்தமும் கரைஞ்சு ஏரிக்குள்ளதான் இறங்கும். பச்சை வலையையும் கழியையும் எடுத்துடுங்க. கன்றுகளை எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்க, குழி நான் வெட்டித் தர்றேன், தண்ணியும் நானே ஊத்தறேன்.