தாலாட்டு மெட்டில் ஒப்பாரி

ஹாலிவுட் இயக்குநர் டிம் பர்ட்டனின் படம் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். கைவிரல்களுக்குப் பதில் கத்தரிக்கோல்களோடு நிற்கும் எட்வர்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவரே எழுதி அவரே படமும் வரைந்த ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. அதைப் பற்றி நம்மில் அதிகம் பேர் பேசிப் பார்த்ததில்லை. 'தி மெலங்கலி டெத் ஆஃப் ஆய்ஸ்டர் பாய் அண்ட் அதர் ஸ்டோரீஸ்', அதாவது சிப்பிச் சிறுவனின் சோகச் சாவும் மற்ற கதைகளும். 1997இல் வந்தது. மொத்தம் 23 குட்டிக் கதைப்பாடல்கள், சில நாலைந்து வரிதான். உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். நான் பல வருடங்களாக முடிக்காமல் படித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய எல்லாப் படங்களையும் ஒரு தட்டிலும் இந்தப் புத்தகத்தை இன்னொரு தட்டிலும் வைத்தால், எனக்குப் புத்தகம் இருக்கும் தட்டுதான் தாழும்.

முதல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிப் பையன் ஒருவனுக்குத் தீக்குச்சிப் பெண் ஒருத்தியின் மேல் ஆசை. அவளுடைய ஒல்லியான அழகு அவனுக்குப் பிடித்திருக்கிறது. காதல் பற்றிக்கொள்கிறது, அவனும் பற்றி எரிந்து போகிறான். கதை அவ்வளவுதான். முதல் தடவை படித்தபோது "இவ்வளவுதானா?" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வேறு ஏதோ வேலையில் இருந்தபோது அந்தக் குச்சிப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை. அவளும் அவனை எரிக்க நினைக்கவில்லை. அவன் மரம், அவள் நெருப்பு. பிறந்த விதம் அப்படி.

இந்த இடத்தில்தான் பர்ட்டன் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறார் என்று நினைக்கிறேன். குழந்தைகள் சாகிற படக்கதை ஒன்றும் புதிதில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைன்ரிஹ் ஹோஃப்மன் என்ற மருத்துவர் தன் மூன்று வயது மகனுக்காக எழுதி வரைந்த 'ஸ்ட்ருவெல்பேட்டர்' 1845இல் அச்சானது. அதிலும் ஒரு பெண் குழந்தை தீக்குச்சியால் எரிந்து சாம்பலாகிறாள். பக்கத்தில் இரண்டு பூனைகள் அழுகின்றன. ஆனால் அவள் சாவது சொல்பேச்சு கேட்காததால், அது தண்டனை. பிறகு அமெரிக்காவில் எட்வர்ட் கோரி வருகிறார். 1963இல் அவர் வெளியிட்ட 'தி கேஷ்லிகிரம்ப் டைனீஸ்' புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26 குழந்தைகள் வரிசையாகச் சாகிறார்கள். ஒருத்தி படியில் உருண்டு விழுகிறாள், ஒருவன் வெறும் சலிப்பிலேயே செத்துப்போகிறான். அங்கே தண்டனையும் இல்லை, காரணமும் இல்லை. எனக்குக் கோரியையும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தக் குழந்தைகள் யாரென்று நமக்குத் தெரியாது. பர்ட்டனின் குழந்தைகளை நமக்குத் தெரியும். அவர்களுக்கு ஆசை இருக்கிறது. யாராவது பக்கத்தில் வர மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சூனியப் பொம்மைப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வெள்ளைத் துணியைத் தைத்துச் செய்த உடம்பு, நெஞ்சில் கலர் கலராகக் குண்டூசிகள். யாராவது அவளிடம் நெருங்கினால் அந்த ஊசிகள் இன்னும் ஆழமாக இறங்கும். இதுதான் அவளுக்குக் கிடைத்த சாபம். நெருக்கத்துக்குப் பயந்து ஒதுங்கி நிற்கிற ஒருவரையாவது நம் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அது கண்ணாடியில் பார்க்கிற முகமாகவே இருக்கும். முந்நூறு பக்க நாவல் சுற்றி வளைத்துச் சொல்வதை இந்த மனிதர் ஒரு பொம்மையையும் சில ஊசிகளையும் வைத்துச் சொல்லிவிட்டுப் போகிறார்.

அப்புறம் அந்தக் கோடுகள். நடுங்கும் கையால் கீறியது போன்ற மெல்லிய கோடு, அதில் ஆங்காங்கே கொஞ்சம் வண்ணம். சுற்றிலும் வெறும் வெள்ளைத் தாள். பின்னால் வீடு இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை. அந்த வெள்ளையைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். சினிமாவில் இசை வந்து நம் கையைப் பிடித்துக்கொள்ளும். இங்கே அந்த உருவமும் நாமும் மட்டும்தான். இதில் இன்னொரு வேலையும் நடக்கிறது: வரிகள் குழந்தைப் பாட்டு மாதிரி எதுகையோடு துள்ளிக்கொண்டு போகின்றன. தாலாட்டு மெட்டில் ஒப்பாரி பாடினால் எப்படி இருக்கும்? காது சிரிக்கிறது, வயிறு பிசைகிறது.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் பிடித்த கதை. 1958இல் கலிபோர்னியாவின் பர்பேங்கில் பிறந்தவர். டிஸ்னியில் வேலைக்குச் சேர்ந்து, 1981இல் வந்த 'தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்' படத்துக்கு நரி வரைய உட்கார்ந்தார். அழகான நரி அவர் கைக்கு வரவில்லை. தான் வரைந்த நரி வண்டியில் அடிபட்டது போல இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கை மாறாமல் இருந்ததே, அதுதான் நம் அதிர்ஷ்டம். 1982இல் அவர் எடுத்த 'வின்சென்ட்' என்ற ஆறு நிமிடக் கறுப்பு வெள்ளைப் பொம்மைப் படம்கூட முதலில் குழந்தைகள் புத்தகமாக வர வேண்டியதுதான். கத்தரிக்கோல் கை எட்வர்டும் பதின்வயதில் அவர் கிறுக்கிய ஓவியத்திலிருந்து வந்தவன். எல்லாவற்றுக்கும் முன்னால் தாள்தான்.

'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தை விரும்புகிறவர்கள் அதே பெயரில் இருக்கும் புத்தகத்தையும் தேடிப் படியுங்கள். டிஸ்னியில் இருந்த காலத்தில் அவர் எழுதிய பாடல் அது. 1993இல் ஹென்றி செலிக் இயக்கத்தில் படம் வந்தபோது பர்ட்டனின் சொந்த ஓவியங்களோடு புத்தகமும் வந்தது. படத்தில் வரும் காதலி சாலி அதில் இல்லை, வில்லன் ஊகி பூகியும் இல்லை. எலும்புக்கூடு ஜாக்கும் அவனுடைய பேய் நாய் ஜீரோவும்தான் பெரும்பாலும். காதலும் வில்லனும் போனதும், தான் செய்கிற வேலையில் சலித்துப்போன ஒருவனின் தனிமை மட்டும் மிஞ்சுகிறது.

"இதையெல்லாம் ஏன் ரசிக்கிறாய், மனசு கெட்டுப்போகாதா?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஆய்ஸ்டர் பாய் புத்தகம் சின்னக் குழந்தைகளுக்கானது இல்லை. தலைப்புக் கதையில் வரும் அப்பாவின் பிரச்சினை பெரியவர்களுடையது. அதற்கு மருந்தாக அவர் தன் சிப்பி மகனையே தின்றுவிடுகிறார். இதைக் குழந்தைக்குப் படித்துக் காட்டச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மனசு கெடும் என்பதை நான் ஏற்கவில்லை. அக்கா மகளுக்கு ஒன்பது வயது. ஒரு நாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, கண்களில் ஆணி அறைந்திருக்கும் பையனின் படத்தைக் காட்டி "இவன் என்ன செய்யறான், சித்தி?" என்றாள். அலுமினியத்தில் செய்த கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்துகிறான், கண் தெரியாததால் அது கோணல்மாணலாக இருக்கிறது என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாருமே பிடிச்சுக்க வரலையா?" என்று கேட்டாள். ஆணி அவளைப் பயமுறுத்தவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாததுதான் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று சாயங்காலம் அவளாகவே ஒரு தாளில் அதே மரத்தை வரைந்து, அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு பெண்களையும் பக்கத்தில் வரைந்து என்னிடம் நீட்டினாள். அந்தத் தாள் இப்போது புத்தகத்துக்குள் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், தின்னப்பட்ட சிப்பிச் சிறுவன் திரும்ப வருகிறான். ஹாலோவீன் அன்று எல்லோரும் பேய் வேடம் போடுகிறார்கள் அல்லவா? அவன் மனிதனாக வேடம் போட்டுக்கொண்டு கிளம்புகிறான்.