சண்டை இனக்குழுவால் மட்டும் வருவதில்லை

நேற்றைய நேரலையில் ஒருவர் பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஆப்பிரிக்கா ஏன் உருப்படவில்லை? ஆளுக்கொரு இனக்குழு, எப்போதும் வெட்டுக்குத்து. அவ்வளவுதான்." அவர் சொல்லி முடிப்பதற்குள் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அவரை மதிப்பவன் நான். அதனால்தான் வலிக்கிறது.

இனக்குழுப் பற்று நாட்டைக் கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. கெடுக்கும். ஆனால் நம்மாள் நாற்காலியில் இருந்தால்தான் நம்ம ஊருக்கு ரோடு வரும் என்ற நிலையை உண்டாக்குவது ஆட்சி. கென்யாவில் 1963 முதல் போட்ட சாலைகளைக் கணக்கெடுத்து ஓர் ஆய்வு வந்தது. அதிபரின் இனக்குழு வாழும் மாவட்டங்களுக்குச் சாலைச் செலவில் மற்ற மாவட்டங்களைவிட இரண்டு மடங்கு போயிருக்கிறது. பல கட்சி ஜனநாயகம் இருந்த ஆண்டுகளிலோ அந்தச் சாய்வு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதே மக்கள், அதே இனக்குழுக்கள். மாறியது ஆட்சிமுறை.

போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966-ல் விடுதலை கிடைத்தபோது நாடு முழுக்கத் தார்ச்சாலை 12 கிலோமீட்டர். அடுத்த ஆண்டே ஓராபா என்ற இடத்தில் வைரம். அதுவும் அதிபர் செரெட்சே காமா பிறந்த பமங்வாட்டோ குலத்தின் நிலத்தில். 'எங்கள் மண், எங்கள் வைரம்' என்று அவர் பிடித்துக்கொண்டிருக்கலாம். கனிம உரிமை எந்தக் குலத்துக்கும் இல்லை, நாட்டுக்கே என்று சட்டம் செய்தார். அப்புறம் பல பத்தாண்டுகள் உலகிலேயே வேகமாக வளர்ந்த நாடுகளில் அது ஒன்று.

"அங்கே பெரும்பாலோர் ஒரே ஸ்வானா இனம், அதனால் முடிந்தது" என்பீர்கள். சரி, சோமாலியா? பெரும்பாலும் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம். 1991-ல் அரசு உடைந்ததும் குலம் குலமாகப் பிரிந்து சுட்டுக்கொண்டார்கள். வைரம்தான் காரணமா? சியரா லியோனிலும் வைரம் இருந்தது. பதினோரு வருடம் போர் நடந்தது. கலஹாரிப் பாலைவனத்தில் சான் பழங்குடி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து வெளியேற்றியதும் இதே போட்ஸ்வானாதான். அது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் நான் சொல்வதை அது பொய்யாக்காது.

"நீ என்ன ஆப்பிரிக்க நிபுணனா" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். இல்லை. கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதியவன். எங்கள் கிடங்குக்காரர் லுவோ இனக்குழு, லாரி ஓட்டுநர் கிகுயு இனக்குழு. மதியம் ஒரே தட்டில் உகாலி, அதாவது மக்காச்சோளக் களி, சாப்பிடுவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். 2007 டிசம்பர் 30 அன்று, அதிபர் தேர்தல் வாக்கு எண்ணிக்கையில் மோசடி என்று லுவோவான ஒடிங்காவின் எதிர்த்தரப்பு கத்திக்கொண்டிருக்கும்போதே, கிகுயுவான அதிபர் கிபாகி அந்தி நேரத்தில் மறுபடியும் அவசரமாகப் பதவியேற்றார். இரண்டே மாதத்தில் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். ஆறு லட்சம் பேர் வீடிழந்தார்கள். நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதியில் ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். மொம்பாசா துறைமுகத்திலிருந்து சரக்கு நகராமல் பக்கத்து நாடான உகாண்டாவில் பெட்ரோல் தட்டுப்பாடு. சுமார் 7 சதவீதம் வளர்ந்த பொருளாதாரம் 2008-ல் ஏறக்குறைய நின்றே போனது.

இனக்குழு டிசம்பர் 29-ஆம் தேதியும் இருந்ததே! தோற்றவர்கள் நம்பிப் போக ஒரு நீதிமன்றமோ தேர்தல் ஆணையமோ இல்லை, அதுதான் இல்லாமல் போனது.

சாலைமறிப்புகளில் அடையாள அட்டையை வாங்கி, பெயரை வைத்து இனக்குழுவைப் பார்த்தார்கள். எந்த ஓட்டுநரை எந்த வழியில் அனுப்பலாம் என்று கம்பெனியில் ஒரு பட்டியல் கேட்டார்கள். பெயருக்கு எதிரே இனக்குழு. அதை எழுதியது நான். கிடங்குக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று தன் பெயரைப் படித்துவிட்டு, "இத்தனை நாள் இந்தக் கட்டம் இல்லையே" என்றார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. ஓட்டுநர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

நேற்று அந்த வரிக்குச் சிரித்த உங்களில் இருபது பேராவது எனக்குத் தெரிந்தவர்கள். நீங்கள் சிரித்தது அந்த இரண்டு பேரைப் பார்த்து.