ஸ்கேனில் பெரிய பாதிப்பு தெரிந்தால் சிகிச்சையே வேண்டாமா?

"பக்கவாதத்தில் மூளை ஸ்கேன் மோசமாக இருந்தால், ரத்தக்கட்டியை எடுக்கும்போது கட்டாயம் ரத்தம் கசியும், கையெழுத்துப் போடாதீர்கள்" என்று தருமபுரி, பென்னாகரம் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. 'கட்டாயம்' என்பது தவறு.

மூளை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி எங்கே அடைத்திருக்கிறது, எவ்வளவு மூளைத் திசு செத்துவிட்டது, எவ்வளவைக் காப்பாற்றலாம் என்பதை ஸ்கேன் காட்டும். பாதிப்பு பெரிதென்றால் கசிவு அபாயம் கூடும், சரி. ஆனால் அது கணிப்பு, ஜாதகம் அல்ல. 2022, 2023-இல் வெளியான ஆய்வுகளில் பெரிய பாதிப்பு இருந்தவர்களிலும் கட்டியை எடுத்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு பக்கவாதம் தொடங்கி 24 மணி நேரம் வரைகூடக் கட்டியை எடுக்கிறார்கள்.

சந்தேகமா? அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-ஐ அழையுங்கள், நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். வாய் கோணினால் உடனே 108. அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.