நாடகத்துக்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

இளைஞர் பயிற்சிகளில் ஆங்கிலப் பேச்சு வகுப்பைக் கூட்ட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, வேலைக்கு அது தேவைதான். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் கற்று வருவது 'மை நேம் இஸ்' என்று ஆரம்பிக்கும் ஒரு மனப்பாடப் பத்திதான். நடுவில் கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரிக்கே போய்விடுகிறார்கள்.

அதே பிள்ளைகள் அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவுக்கு நாடகம் போட்டதைப் பார்க்க வேண்டுமே! வசனம் மறந்துபோன பையன் சட்டென்று, "அம்மா, தண்ணி லாரி வந்துருச்சு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். எதிரே நின்றவள், "போன வாரமும் இதையேதான் சொன்ன" என்று பிடித்துக்கொண்டாள். எழுதிவைத்த வசனத்தைவிட இதற்குத்தான் கைதட்டல். பயிற்சி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம். அப்புறம், ஒரே அறையில் அறுபது பேரை அடைத்தால் யார்தான் வாய் திறப்பார்கள்?